கண்ணு மெசினுக்குக் காலில் பொட்டு

போன வருடம் ஆயுதபூசைக்கு ஸ்டோருக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார்கள். தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் தோட்டங்களில் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். ஓய்வு பெற்ற பிறகு நான் அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை. நாலு பேர் சேர்ந்து நின்றாலே கையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியாது. வேலையில் இருந்தவரை கையில் எப்போதும் வேலை இருந்தது, அதனால் அது வெளியே தெரியவில்லை.

இருந்தாலும் போனேன். நான் உட்கார்ந்த இடத்தில் இப்போது நிர்மலா உட்கார்ந்திருக்கிறாள். அவள் முன்னால் டிவி போல ஒரு சின்னத் திரை. தேயிலைத்தூள் விழுவதை மெசினுக்குள் கேமரா படம் பிடிக்கிறது. எது தூள், எது குச்சி என்று மெசினே பார்த்துப் பிரிக்கிறது. நிர்மலா திரையில் விரலை வைத்து எடுக்கிறாள், அவ்வளவுதான் வேலை.

"அக்கா, மொதமொதல்ல இந்த மாதிரி மெசின் வந்தப்போ ஸ்டோரு பொம்பளைங்க எல்லாம் ஒப்பாரி வச்சாங்களாமே, மெய்தானா?" என்று கேட்டாள்.

"இல்ல புள்ள..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் பூசைக்கு மணி அடித்துவிட்டது. எனக்கு வாயால் சொல்வதைவிட எழுதுவது சுலபம். எட்டாம் வகுப்பு எழுத்துத்தான், வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் ஸ்டோருக்கு வந்தது எழுபதுகளின் தொடக்கத்தில், இலங்கை முழுக்கப் பாண் ரொட்டிக்கும் மாவுக்கும் எல்லோரும் வரிசையில் நின்ற காலம். அம்மா இருந்த இடத்துக்கு என்னை எடுத்தார்கள். மலையில் பறித்த கொழுந்தை ஸ்டோர் மாடியில் வாட வைத்து, உருட்டி, புளிக்க விட்டு, சூட்டில் காயவைத்து, சல்லடையில் சலித்து ரகம் பிரிப்பார்கள். எவ்வளவு சலித்தாலும் தூளோடு சின்னச் சின்னக் காம்புத் துண்டுகள் வரும். தூள் கறுப்பு, காம்பு செம்பழுப்பு. நீளமான மேசையில் தூளைப் பரப்பி, அந்தக் காம்புகளை விரலால் பொறுக்கி எடுப்பதுதான் எங்கள் வேலை. குச்சி பொறுக்குவது என்போம். தலையில் துணி, மூக்கிலும் துணி. மாலையில் துணியை அவிழ்த்தால் கண்ணைச் சுற்றி மட்டும் கறுப்பாக இருக்கும். வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளைகள் எங்களைப் பார்த்து "ஆந்தை வருது" என்று கத்தும்.

அந்த மேசைக்கு யார் வருவார்கள் என்பதில் ஒரு வழக்கம் இருந்தது. யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். மலை ஏற முடியாதவர்களுக்குத்தான் அந்த இடம். மூச்சு இழுப்பவர்கள், வயிற்றில் பிள்ளையோடு மாதம் ஏறியவர்கள், விழுந்து எழுந்தவர்கள். நான் மெலிந்து நெஞ்சுச் சளியோடு இருந்ததால் அம்மாவின் இடம் எனக்குக் கிடைத்தது. வெளியே மழை சாய்த்து அடிக்கும்போது, காயவைக்கும் மெசினின் சூடு சுவர் வழியாக எங்கள் முதுகுக்கு வரும். அந்தச் சூட்டை நினைத்தால் இப்போதும் முதுகு நிமிர்கிறது.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் செல்லம்மாக்கா. என்னைவிட ரொம்ப மூத்தவர். மழை நாளில் கூடையோடு சறுக்கி விழுந்து இடுப்பு எலும்பு விலகி, ஒரு காலை இழுத்துத்தான் நடப்பார். புருசன் இறந்துவிட்டார். மகன் குடும்பத்தோடு தலைமன்னாரில் கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டான். "வாம்மா, வாம்மான்னு கையப் புடிச்சு இழுத்தான். அங்க எனக்கு யாரைத் தெரியும்? அந்த ஊரு மரத்தைக்கூடத் தெரியாது" என்பார். லயத்தில் ஒரு காம்பராவில், ஒற்றை அறையில், தனியாக இருந்தார்.

ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் விழும் என்று எங்கள் பக்கம் சொல்வோம். காம்பராவில் ஒருவராவது பேர் போட வேண்டும். யாருக்கும் பேர் விழாவிட்டால் சீக்கிரமே கணக்கப்பிள்ளை வந்து, காம்பரா வேறு குடும்பத்துக்கு வேண்டும் என்பார். செல்லம்மாக்காவுக்கு அந்த மேசைதான் பேர், பேர்தான் காம்பரா. அதைப் பற்றி அவர் பேசியதில்லை. ஆனால் காய்ச்சல் அடித்தாலும் வருவார்.

எங்களுக்கு மேலே டீமேக்கர் ரத்நாயக்க ஐயா. ஸ்டோருக்குள் நடப்பதெல்லாம் அவர் பொறுப்பு. சிங்களவர். தமிழை எங்களிடமிருந்துதான் படித்தார் என்பதால் மரியாதையும் மரியாதை இல்லாததும் அவர் வாயில் கலந்து வரும். "ஏய், நீ இங்க வாங்க" என்பார். நாங்கள் சிரித்தால், என்ன தப்பு என்று தெரியாமல் அவரும் சிரிப்பார்.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. காலையில் கை கழுவி, ஈரம் போகத் துடைத்து, மேசையில் எங்காவது ஒரு பிடி எடுப்பார். எடுத்ததை ஜன்னலோரம் வெள்ளைத் தாளில் மெல்லப் பரப்புவார். ஒரு முறை ஊதுவார். காம்பு பாரம் குறைவு, தள்ளிப் போய் நிற்கும். அதை இரண்டு விரலால் எடுத்து, அந்த இடத்தில் உட்கார்ந்தவளின் உள்ளங்கையில் வைத்து, "இது யாரு, உங்க மாமாவா? ஏன் விட்டுப் போறீங்க?" என்று கேட்பார். அன்று முழுவதும் மற்றவர்கள் அவளை விடமாட்டார்கள். "மாமா சாப்பிட்டாரா? மாமாவுக்குச் சட்டை தைச்சாச்சா?" ஏச்சு வாங்குவதைவிட அது கஷ்டம். எனக்கு முதல் முறை அவர் மாமாவைத் தந்தபோது காது வரை சூடாகிவிட்டது. அந்தக் காம்பை என்ன செய்வதென்று தெரியாமல் வீடு வரை கையில் வைத்துக்கொண்டே போனேன்.

தோட்டங்கள் அரசாங்கத்துக்கு மாறின. தோட்டத்தை நடத்தும் துரைமார் மாறினார்கள். எங்கள் மேசை மாறவில்லை. எண்பதுகளின் நடுவில் ஒரு நாள், நானுஓயா ஸ்டேசனில் இறங்கிய பெரிய மரப்பெட்டி ஒன்று லொறியில் வந்து சேர்ந்தது. கூடவே கொழும்பிலிருந்து ரகு என்று ஒரு இன்ஜினியர். மீசை அப்போதுதான் கெட்டியாகத் தொடங்கியிருந்தது.

பெட்டியைப் பிரித்தால் அலமாரி அளவு மெசின். மேலே தூளைக் கொட்டினால், ஒரு தகடு நடுங்கி நடுங்கி அதை வரிசையாகக் கீழே விடும். விழும் வழியில் இரண்டு வட்டக் கண்ணாடி, அதன் பின்னால் விளக்கு. கறுப்பாக விழுந்தால் பேசாமல் விட்டுவிடும். வெளிறினது ஏதாவது விழுந்தால் பக்கத்துக் குழாயிலிருந்து காற்று 'டக்' என்று அடித்து அதைத் தனிப் பெட்டிக்குத் தள்ளும். எவ்வளவு வெளிறினால் தள்ள வேண்டும் என்பதை இலக்கத்தில் வைக்க வேண்டும். அந்த இலக்கங்கள் சிவப்பாக எரியும். எரியும் இலக்கத்தை அன்றுதான் முதலில் பார்த்தேன். நாங்கள் அதற்குக் கண்ணு மெசின் என்று பெயர் வைத்தோம்.

"கண்ணு பாக்கும், மூளை முடிவெடுக்கும், காத்து ஊதும்" என்று ரகு தம்பி எங்களுக்கு விளக்கினார்.

"மூளை எங்க தம்பி இருக்கு?" என்றார் செல்லம்மாக்கா.

அவர் பக்கத்து மூடியைத் திறந்து, உள்ளங்கை அளவில் ஒரு பச்சைத் தகட்டைக் காட்டினார்.

"இம்புட்டுத்தானா? பரவால்ல, எங்க வீட்டுக்காரருக்கு இருந்ததவிடப் பெருசுதான்."

எல்லோரும் சிரித்தோம். பாக்கியம் மட்டும் சிரிக்கவில்லை. அவள் என் வயதுக்காரி, வாய் நீளம். "சிரிங்க, சிரிங்க. நமக்கும் ரெண்டு கண்ணு, அதுக்கும் ரெண்டு கண்ணு. ஆனா அதுக்கு வயிறு இல்லடி" என்றாள். மெசின் இங்கேயே நிலைத்துவிட்டால் நாங்கள் கொழுந்து பறிக்க மலைக்குப் போக வேண்டியதுதான் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நான் செல்லம்மாக்காவின் காலைப் பார்த்தேன். நான் பார்ப்பதைப் பார்த்து அவர் சேலையை இழுத்து மூடிக்கொண்டார்.

ரகு தம்பி சில நாட்கள் மெசினோடு பாடுபட்டு இலக்கங்களைச் சரிசெய்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். கேள்வி கேட்கக் கூச்சம். ஆனால் எந்த ரகத்துக்கு எந்த இலக்கம் என்பது மனதில் நின்றது. ஆயுதபூசையன்று, பூசை முடிந்த கையோடு துரைக்கு முன்னால் மெசினை ஓட்டிக் காட்டுவது என்று ஏற்பாடு.

பூசைக்கு ஸ்டோரைக் கழுவி, உருட்டும் மெசினிலிருந்து சல்லடை வரை எல்லாவற்றுக்கும் மாலை போட்டிருந்தோம். நான் வேதக்காரி, கிறிஸ்தவப் பெண். பூசைக்குச் சந்தனம் தொட்டதில்லை, ஆனால் மாலை கட்டுவது வருடா வருடம் என் வேலை. பொட்டு வைப்பது செல்லம்மாக்கா. காலை இழுத்து இழுத்து ஒவ்வொரு மெசினாகப் போய், சந்தனம் வைத்து நடுவில் குங்குமம் வைப்பார். பிறகு மனிதர்களுக்கு. டீமேக்கர் ஐயா குனிந்து நெற்றியைக் காட்டினார். ரகு தம்பி முழிக்க முழிக்க அவருக்கும் வைத்தார். துரை மட்டும் கொஞ்சம் தள்ளி நின்றார்.

கண்ணு மெசினின் முன்மூடி திறந்திருந்தது. காலையில் கண்ணாடியைத் துடைத்த ரகு தம்பி அப்படியே விட்டிருந்தார். செல்லம்மாக்கா அதற்கு முன்னால் நின்று யோசித்தார். மற்ற மெசினுக்கெல்லாம் முகம் கிடையாது, எங்கே வேண்டுமானாலும் பொட்டு வைக்கலாம். இதற்குத்தான் இரண்டு கண் இருக்கிறதே.

"புதுசா வந்த புள்ள. நெத்தியிலதான் வைக்கணும்" என்று சொல்லி, கையை உள்ளே விட்டு, இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் குளிரக் குளிரச் சந்தனம் வைத்தார்.

"நல்லா வையுங்க, நல்லா வையுங்க" என்றார் டீமேக்கர் ஐயா.

கற்பூரம் காட்டித் தேங்காய் உடைத்தார்கள். மூடியை மூடினார்கள். ரகு தம்பி சுவிட்சைப் போட்டார்.

தகடு நடுங்கியது. தூள் விழுந்தது. 'டக் டக் டக்' என்று கேட்க வேண்டிய சத்தம், தகரத்தில் ஆலங்கட்டி கொட்டுவது போல விடாமல் கேட்டது. குச்சிப் பெட்டிதான் நிறைந்தது. நல்ல தூள், குச்சி, நார் எல்லாம் அதற்குள்ளேயே போனது. தூள் பெட்டியில் அடிதான் தெரிந்தது.

ரகு தம்பி இலக்கத்தை ஏற்றினார், இறக்கினார். முகம் சிவந்துவிட்டது. கடைசியில் மெசினை நிறுத்தி மூடியைத் திறந்தார். நடுங்கின நடுக்கத்திலும் விளக்குச் சூட்டிலும் சந்தனம் இளகி இரண்டு கண்ணாடியிலும் வழிந்திருந்தது. அதன் வழியாகப் பார்த்தால் கறுப்பும் வெளுப்பாகத்தானே தெரியும்?

"யார் இந்த வேலை செஞ்சது? கண்ணாடியில யார் இதைப் பூசினது?" என்று கத்தினார்.

துரை முன்னால் வந்தார். "பூசினதா? வேணும்னே செஞ்சிருக்காங்க. இவங்களுக்கு மெசின் வேணாம். ரத்நாயக்க, நாளைக்குக் காலையில இந்த மேசைப் பொம்பளைங்க எல்லாம் மலைக்குப் பெரட்டுக்கு வரணும். ஒருத்தி பாக்கியில்லாம."

காலையில் ஆள் எண்ணி மலைக்கு அனுப்பும் இடம்தான் பெரட்டு. செல்லம்மாக்கா கையில் சந்தனக் கிண்ணத்தோடுதான் நின்றார். ஒளிக்கக்கூடத் தோன்றவில்லை. காலை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"நான்தாங்க தொர வச்சேன். பூசினது இல்லீங்க, பொட்டு வச்சது. கெடுக்கணும்னு நெனச்சா எதுக்குங்க விடியக்காலையில எந்திரிச்சு சந்தனம் அரைக்கணும்? ஒரு புடி மண்ணு போதாதுங்களா?"

துரை ரகு தம்பியைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். தம்பியின் நெற்றியில் அதே சந்தனம், நடுவில் அதே குங்குமம். வேர்வையில் இளகி, மெசினுக்கு வழிந்தது போலவே, மூக்கு வரை ஒரு கோடு இறங்கியிருந்தது. பாக்கியம்தான் முதலில் மூக்குத்துணிக்குள் சிரித்தாள். தம்பி எதற்கென்று புரியாமல் நெற்றியைத் தொட்டார். விரலைப் பார்த்தார். மெசினைப் பார்த்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

டீமேக்கர் ஐயா தன் நெற்றியைக் காட்டினார். "எனக்கும் வச்சது, சேர். நல்லா வையுங்கன்னு சொன்னது நான்தான். ஏசணும்னா என்னை ஏசுங்க."

துரை சிரிக்கவில்லை. ஆனால் வேணும்னே என்ற வார்த்தையைத் திரும்பச் சொல்லவும் இல்லை.

ரகு தம்பி கண்ணாடியைக் கழுவித் துடைத்து மறுபடி ஓட்டினார். இந்த முறை மெசின் வேலை செய்தது. நாங்கள் ஒரு காலைப்பொழுது முழுக்கக் குனிந்து பொறுக்குவதை, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொறுக்கி முடித்தது. டீமேக்கர் ஐயா ஒரு பிடி எடுத்து வெள்ளைத் தாளில் பரப்பி ஊதினார். மாமா ஒருவரும் இல்லை. நாங்கள் அழவில்லை நிர்மலா, ஒப்பாரியும் வைக்கவில்லை. எங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"ரெண்டு பேர் போதும். மத்தவங்க மலைக்கு" என்றார் துரை.

மெசின் தள்ளிவிடும் குச்சியோடு கொஞ்சம் நல்ல தூளும் போகிறது, அதைக் கையால் பொறுக்க ஆள் வேண்டும் என்று டீமேக்கர் ஐயா மெதுவாகப் பேசிப் பேசி இன்னும் இரண்டு பேருக்கு இடம் வாங்கினார். இலக்கம் வாசிக்கத் தெரியும் என்று மெசினைப் பார்த்துக்கொள்ள என்னைச் சொன்னார். ரகு தம்பி சந்தனக் கண்ணாடியைக் காட்டி, "இன்னொரு விசயம், சேர். தேயிலைத் தூசியும் இதே மாதிரி ஒட்டும். இந்தக் கண்ணாடியை அடிக்கடி துடைக்க ஒரே ஆள் இருக்கணும். வேற யாரும் தொடக் கூடாது" என்றார். தன் பெட்டியிலிருந்து மிருதுவான ஒரு வெள்ளைத் துணியை எடுத்து, நான் பக்கத்தில் நின்றதால் என்னிடம் நீட்டினார்.

அந்த இடத்தில் ஏதாவது பேச வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. துரை, இன்ஜினியர், டீமேக்கர், அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். வாய் வரவில்லை. துணியை வாங்கி, செல்லம்மாக்காவின் கையில் இருந்த சந்தனக் கிண்ணத்தை எடுத்துவிட்டு, அந்தக் கையில் துணியை வைத்தேன்.

"இவளா? இவளால நிக்கவே முடியாதே" என்றார் துரை.

"கண்ணத் தொடைக்கிறதுக்குக் காலு என்னத்துக்கு, சேர்?" என்றார் டீமேக்கர் ஐயா.

ரகு தம்பி சிரித்துவிட்டு, "அந்தக் கண்ணு எங்க இருக்குன்னு இவங்களுக்கு நல்லாத் தெரியும் சேர்" என்றார். துரை கடிகாரத்தைப் பார்த்தார், சரி என்று தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார்.

அப்படித்தான் செல்லம்மாக்காவின் பேர் நிலைத்தது, காம்பராவும் நிலைத்தது.

மற்றவர்கள் மலைக்குப் போனார்கள். அதை மறைத்துவிட்டு இதைச் சந்தோசக் கதையாக எழுத எனக்கு மனம் வரவில்லை. பாக்கியத்துக்கு மலை பழகிவிட்டது. "சீசன் நேரம் கூடுதல் கொழுந்துக்குக் கூடுதல் காசு எனக்குத்தான். நீங்கதான்டி ஆந்தைங்க, நான் மகாராணி" என்று கூடையோடு வந்து ஜன்னலில் தலையை நீட்டிக் கேலி செய்வாள். ஆனால் எங்கள் மேசையில் இருந்த முனியம்மாக்காவின் மூச்சுக்கு மலை ஒத்துக்கொள்ளவில்லை. பேர் குறைந்து, கடைசியில் நல்லதண்ணிப் பக்கம் மகள் வீட்டோடு போய்விட்டார். போகும்போது மேசையைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

எங்கள் தூள் சுத்தமானது. கொழும்பு ஏலத்தில் நல்ல பெயர் எடுக்கிறது என்று டீமேக்கர் ஐயா சொல்வார். பொறுக்குவதற்காகத் தூள் காத்துக் கிடந்த காலம் போனதால் ஸ்டோரில் கூடுதல் கொழுந்து எடுக்க முடிந்தது. கொட்டகலைப் பக்கத்திலிருந்து ஒரு தோட்டத்துக் கொழுந்தும் எங்களிடம் வரத் தொடங்கியது. உருட்டவும் காயவைக்கவும் புதிதாக ஆட்களை எடுத்தார்கள். பாக்கியத்தின் தம்பிக்கே அப்படித்தான் வேலை கிடைத்தது. ஆனால் அந்தத் தோட்டத்து ஸ்டோரை மூடிவிட்டார்கள். மெசின் வேலையைத் தின்றதா, தந்ததா என்று கேட்டால், எந்த ஸ்டோரில் நின்றுகொண்டு கேட்கிறீர்கள் என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன்.

செல்லம்மாக்கா வேலையிலிருந்து நிற்கும் வரை அந்தக் கண்ணாடியைத் துடைத்தார். குழந்தைக்குக் கண் துடைப்பது போல ஓரத்திலிருந்து நடுவுக்குத் துடைப்பார். மெசின் மக்கர் செய்தால், "நேத்து ராத்திரி தூங்கலியாடி?" என்று கேட்பார். அடுத்த ஆயுதபூசைக்குச் சந்தனக் கிண்ணத்தோடு அவர் மெசினுக்கு முன்னால் வந்து நின்றபோது ஸ்டோரே மூச்சைப் பிடித்துக்கொண்டது. டீமேக்கர் ஐயா, "ஏய், நீ கீழ வையுங்க, கீழ!" என்று ஓடி வந்தார். செல்லம்மாக்கா சுவரைப் பிடித்து, கஷ்டப்பட்டுக் குனிந்து, மெசினின் இரும்புக் காலில் வைத்தார். வைப்பதற்கு முன்னால் மேலே அண்ணாந்து, "கண்ண மூடிக்கடி ராசாத்தி" என்றார். அதற்குப் பிறகு எல்லா வருடமும் காலில்தான்.

இப்போது அவர் இல்லை. ரத்நாயக்க ஐயாவும் இல்லை. அந்தப் பழைய மெசினைக் கழற்றி இரும்புக்குக் கொடுத்துவிட்டார்கள். போன வருடம் மணி அடித்ததும் நிர்மலா சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மெசினாகப் பொட்டு வைத்து வந்தாள். கேமரா மெசினுக்கு முன்னால் வந்ததும், யாரும் சொல்லாமலே தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து அதன் காலில் வைத்தாள்.

"ஏன் புள்ள கால்ல வைக்கிற?" என்று கேட்டேன்.

"தெரியலக்கா. இந்த மெசினுக்குக் கால்லதான் வைக்கணுமாம். இங்க வழக்கம் அப்பிடித்தான்."

சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். எனக்கு அப்போதும் வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். கால்ல வச்சது சரிதான் நிர்மலா. இந்த வருடம் வைக்கும்போது, அதைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு வை.